விலைக்கு வாங்கிய சிநேகம்

வாரத்தில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையுமாக இரண்டே நாட்கள்தாம் கைபர் கணவாய் திறந்திருக்கும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெஷாவருக்கும் காபூலுக்கும் இடையே சரக்குக் கொண்டுசென்ற வியாபாரிகள் யாவரும் அறிந்திருந்த நியதி. அந்நாட்களில், கைபர் ரைபிள்ஸ் என்னும் படையைச் சேர்ந்த அப்ரீதி வீரர்கள் சாலையின் இருமருங்கிலுமுள்ள குன்றுகளின் உச்சியில் ஏறித் துப்பாக்கியும் கையுமாகக் காவல் நிற்பார்கள். கீழே, உலர்ந்த திராட்சையும் வாதாம்பருப்பும் கம்பளமும் சுமந்த ஒட்டகங்களும் கோவேறு கழுதைகளும் மேற்கிலிருந்து இறங்கி வரும். துணியும் தேயிலையும் சர்க்கரையும் சுமந்தவை கிழக்கிலிருந்து ஏறிச் செல்லும். காவலர்கள் குன்றுகளை விட்டு இறங்கிவிட்டார்களானால், அதன்பின் அவ்வழியில் அகப்பட்டுக்கொண்டவனுடைய பொருளுக்கோ உயிருக்கோ யாரும் ஜவாப்தாரி அல்லர். காவல் நாளில் குன்றின்மேல் நின்றவர்களும், காவலற்ற நாளில் வழிமறிக்கக் கூடியவர்களும் ஒரே குலத்தவர்கள் என்பதை அறிந்துகொண்டால்தான், இந்தக் கணவாயின் சரித்திரத்தையும், பிற்காலத்தில் பாகிஸ்தானின் ராணுவம் தன் அண்டை நாட்டில் நடத்திய காரியங்களின் பூர்வோத்தரத்தையும் நாம் சரிவர விளங்கிக்கொள்ள முடியும்.

அந்தக் காவலுக்குப் பின்னால் இருந்தது பணம். முவாஜிப் என்று அந்தப் பக்கத்தில் வழங்கிய மானியத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் ஒவ்வொரு குலத்துக்கும் தவணை தவறாமல் கொடுத்துவந்தது. மாலிக்குகள் எனப்பட்ட குலத்தலைவர்களின் கையில் அது ஒப்படைக்கப்படும். மாலிக்குகள் அதைத் தம் கிளையினருக்குப் பங்கிடுவார்கள். பொலிடிகல் ஏஜெண்டு என்ற ஒரே ஓர் அதிகாரி, கோர்ட்டும் கச்சேரியும் இல்லாத அந்த மலைகளில், இந்த மானியத்தைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தியும் ஆட்சி நடத்தினார். நம் ஊர்த் தெருக்களில் வட்டிக்குக் கடன் கொடுத்துத் திரிந்த ஈட்டிக்காரர்களைக் கொண்டே பட்டாணியரைப் பற்றி ஓர் அபிப்பிராயத்தை ஏற்படுத்திக்கொண்டுவிட்ட நாம், பணத்தாசையினால்தான் அவர்கள் இதற்கு இணங்கினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முகலாயர் காலத்திலிருந்தே, தம் மண்ணின் வழியாகச் செல்லும் ஒவ்வொரு சுமைக்கும் சுங்கம் வாங்குவது தம் பிறப்புரிமை என்று அப்ரீதிகள் கருதிவந்தார்கள். அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகவே வெள்ளைக்காரனின் ரூபாயை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். கொடுத்தவன் அதைக் கூலி என்று எண்ணினான், வாங்கியவன் கப்பம் என்று எண்ணினான். இந்தக் கருத்து வேற்றுமை அன்று தீரவில்லை. இன்றளவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

1879 முதல் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் கைபரில் அதிகாரம் செலுத்திய ராபர்ட் வார்பர்ட்டன் இம்முறையில் கைதேர்ந்தவர். முதல் ஆப்கானிய யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனை காபூலிலிருந்து பின்வாங்கி வழியிலேயே அழிந்துபோன 1842-ஆம் ஆண்டில், காபூல் ராஜ குடும்பத்து மாதுக்கும் ஆங்கிலேய அதிகாரிக்கும் மகனாக ஒரு கில்ஸாய்க் கோட்டையில் பிறந்தவர் அவர். மலைவாசிகளின் பாஷையில் பேசி, அவர்களுடைய பகைகளையும் பந்தங்களையும் மனத்தில் பதித்துவைத்திருந்து, ஆயுதமின்றி அவர்களிடையே நடமாடினார் என்று சொல்வார்கள். ஆயினும் 1897-இல் அவர் ஓய்வு பெற்றுச் சென்ற சில மாதங்களுக்குள்ளேயே அப்ரீதிகள் திரண்டெழுந்து கைபர்க் கோட்டைகளைக் கைப்பற்றினார்கள். லண்டி கோட்டலில் கைபர் ரைபிள்ஸ் வீரர்கள் தம் சொந்த இனத்தாரையே எதிர்த்துச் சுட்டு மடிந்தார்கள். அந்த எழுச்சியை அடக்கத் தீரா என்னும் பள்ளத்தாக்குக்குள் ஏறக்குறைய 35,000 போர்வீரர்களை அனுப்பவேண்டியதாயிற்று. பணத்தாலும் ஒரு மனிதரின் சாமர்த்தியத்தாலும் கட்டப்பட்ட சிநேகம், அந்த மனிதர் அகன்றதும் எவ்வளவு விரைவில் குலைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பு, 1893 நவம்பர் 12-ஆம் தேதி, காபூலில் அமீர் அப்துர் ரஹ்மானும் இந்திய சர்க்காரின் வெளிநாட்டுக் காரியதரிசி மார்ட்டிமர் டூராண்டும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளின்மீது இழுக்கப்பட்ட அந்தக் கோடு, பட்டாணியக் குலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் சில இடங்களில் கிராமங்களையுமே இரு கூறாக்கியது. அமீருக்கு இந்தியக் கஜானாவிலிருந்து வருஷந்தோறும் கொடுக்கப்பட்டுவந்த 12 லட்சம் ரூபாய் அதே உடன்படிக்கையின்படி 18 லட்சமாக உயர்த்தப்பட்டது. மாலிக்குக்கு முவாஜிப், அமீருக்கு மானியம்: அளவுதான் வேறு, முறை ஒன்றே. ரஷ்யச் சக்கரவர்த்தியின் சேனை இந்தியாவை நெருங்காமல் தடுப்பதற்காக ஒரு தேசத்தையே காவற்காரனாக அமர்த்திக்கொண்டது பிரிட்டிஷ் ராஜதந்திரம்.

1947 ஆகஸ்டில் இந்த மலைகளும் இந்த முறையும் பாகிஸ்தானின் பங்குக்கு வந்து சேர்ந்தன. எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் என்ற 1901-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படியே நீடித்தது, பொலிடிகல் ஏஜெண்டும் நீடித்தார், முவாஜிப்பும் நீடித்தது. ஒரு குலத்தான் செய்த குற்றத்துக்கு அந்தக் குலம் முழுவதையும் தண்டிக்கலாம் என்ற அச்சட்டத்தின் கொடிய விதி, ஒரு சுதந்திர தேசத்தின் பிரஜைகள்மீது 2018 வரையில் செல்லுபடியாகிவந்தது என்பதை எழுதும்போதே மனம் குன்றுகிறது.

புதிய தேசம் பிறந்து இரண்டே மாதங்களில் அந்த முறைக்கு ஒரு புதிய பிரயோகம் கண்டுபிடிக்கப்பட்டது. 1947 அக்டோபர் 22-ஆம் தேதி, மஹ்சூதுகளும் வஜீரிகளும் அப்ரீதிகளும் அடங்கிய லஷ்கர் என்னும் குலப்படை ஒன்று லாரிகளில் ஏறி முசாபராபாத் வழியாகக் காஷ்மீருக்குள் நுழைந்தது. சர்க்காரின் சேனை போகவில்லை, மதாபிமானத்தால் தூண்டப்பட்ட மலைவாசிகள் தாமாகவே போனார்கள் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. அந்த முயற்சியைப் பின்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அக்பர் கான் என்னும் ராணுவ அதிகாரி பிற்காலத்தில் அதைப் பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதி உண்மையை வெளியிட்டார். ஸ்ரீநகர் எட்டும் தூரத்தில் இருக்க, லஷ்கர் பாராமுல்லாவில் கொள்ளையிலும் கொலையிலும் ஈடுபட்டு நேரத்தைப் போக்கியது. அக்டோபர் 27 அன்று இந்தியத் துருப்புகள் விமானத்தில் வந்து ஸ்ரீநகரில் இறங்கின. கூலிப்படையின் பலவீனத்தை அன்றே உணர்ந்திருக்க வேண்டிய ராணுவம், வேறொரு பாடத்தை அதிலிருந்து கற்றுக்கொண்டுவிட்டது: தன் சீருடையை அணியாதவனைக் கொண்டு யுத்தம் செய்தால், ஜயித்தால் லாபம், தோற்றால் பழி இல்லை என்பதே அந்தப் பாடம்.

பாகிஸ்தானிய ராணுவத்தின் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் அது முழுதும் பொய்யன்று. கிழக்கே தன்னைவிடப் பல மடங்கு பெரிய இந்தியா. மேற்கே, ஐக்கிய நாடுகள் சபையில் பாகிஸ்தானைச் சேர்த்துக்கொள்வதற்கு எதிராக 1947 செப்டம்பர் 30-இல் வாக்களித்த ஒரே தேசமான ஆப்கானிஸ்தான். 1834-இல் சீக்கியர் பெஷாவரைத் தம் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டதைக் காபூல் ஒருநாளும் மறந்ததில்லை. 1949-இல் கூடிய பெரிய ஜிர்கா என்னும் ஆப்கானிய மகாசபை டூராண்ட் உடன்படிக்கை செல்லாது என்று தீர்மானித்தது. பக்தூனிஸ்தான் என்ற தனி நாட்டுக் கோஷத்தைக் காபூல் அரசாங்கம் பகிரங்கமாக ஆதரித்தது. தேசத்தின் அகலமோ குறைவு. லாகூர் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். இப்படி இரு பக்கமும் பகை சூழ்ந்த தேசத்துக்கு மேற்கே சிநேகமான ஓர் அரசாங்கம் காபூலில் இருந்தே தீரவேண்டும் என்றும், கிழக்கே யுத்தம் மூண்டால் பின்வாங்க அதுவே இடம் கொடுக்கும் என்றும் ராணுவத் தலைமையகமான ராவல்பிண்டியில் வாதித்தார்கள். அச்சம் உண்மையானதுதான். ஆனால், அச்சத்தைப் போக்கிக்கொள்ளத் தேர்ந்த வழி அண்டை வீட்டானோடு பேசும் வழியாக இல்லாமல், அவன் வீட்டுக்குள் தன் ஆளை நியமிக்கும் வழியாக அமைந்துவிட்டது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

பெரிய சேனைக்குப் பெரிய செலவு. பிறந்தபோதே கஜானா வற்றியிருந்த தேசம் அதற்கு வேண்டிய பணத்துக்குக் கடல் கடந்து பார்த்தது. 1954 மே மாதம் அமெரிக்காவோடு பரஸ்பரப் பாதுகாப்பு உதவி உடன்படிக்கை. அதே வருஷம் செப்டம்பரில் மணிலாவில் தென்கிழக்கு ஆசிய ஒப்பந்தம். மறு வருஷம் பாக்தாத் ஒப்பந்தம். ரஷ்யரைத் தடுப்பதற்காக அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது. இந்தியாவை எதிர்ப்பதற்காகப் பாகிஸ்தான் அதை வாங்கிக்கொண்டது. கொடுப்பவன் ஒன்றை எண்ண, வாங்குபவன் மற்றொன்றை எண்ணும் அந்தப் பழைய கைபர் வியாபாரம் வாஷிங்டனுக்கும் ராவல்பிண்டிக்கும் இடையிலும் நடைபெற்றது. அதன் விலை என்னவென்பது 1960 மே முதல் தேதியன்று தெரிந்தது. பெஷாவரிலிருந்து கிளம்பிய யூ-2 வேவு விமானத்தை ரஷ்யர் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே சுட்டு வீழ்த்தினார்கள். விமானி கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டார். பெஷாவர் நகரத்தைப் பூகோளப் படத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டதாக ரஷ்யத் தலைவர் குருச்சேவ் எச்சரித்தார். பதபேர் என்ற புறநகர்க் கிராமத்தின் அருகில் வேலி கட்டி அந்நியர் அமைத்த ஒற்றுத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டறியாத பெஷாவர்வாசிகள், தம் வீடுகள் அணுகுண்டுக்குக் குறிவைக்கப்பட்டுவிட்டன என்பதைப் பத்திரிகைகளிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

1961-இல் காபூலோடு உறவு முறிந்து எல்லை மூடப்பட்டது. அறுவடைக் காலம்; ஆப்கானியரின் திராட்சையும் மாதுளையும் கிழக்கே இறங்க வழியின்றித் தேங்கின; ஒரு பகுதியைச் சோவியத் விமானங்கள் ஏற்றிச் சென்றன. அமெரிக்காவிடம் பாகிஸ்தான் தேடிய பாதுகாப்பு, பாகிஸ்தானிடம் ஆப்கானிஸ்தான் பெற முடியாத வழி, இரண்டுமாகச் சேர்ந்து காபூலை மாஸ்கோவின் பக்கம் தள்ளின. 1965 யுத்தத்தின்போது அமெரிக்கா ஆயுதம் அனுப்புவதை நிறுத்தவே, பாகிஸ்தான் சீனாவை மேலும் நெருங்கிற்று. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம்.

1973-இல் தாவூத் கான் காபூலில் அரசரை நீக்கிவிட்டுப் பக்தூனிஸ்தான் பேச்சை மீண்டும் எழுப்பியபோது, எல்லைப் படையின் தலைமை அதிகாரியாக இருந்த நஸீருல்லா பாபர், காபூலிலிருந்து தப்பி வந்த இஸ்லாமிய மாணவத் தலைவர்களுக்குப் பெஷாவரில் இடமளித்து ஆயுதப் பயிற்சி தர ஏற்பாடு செய்தார். ஹெக்மத்யார், ரப்பானி, அஹ்மத் ஷா மசூத் என்ற பெயர்களை உலகம் அப்போது அறியாது. ரஷ்ய சேனை காபூலுக்குள் வருவதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்னரே, 1975-இல், பஞ்ச்ஷீரில் அவர்கள் ஒரு கலகம் செய்து தோற்றார்கள். ரஷ்யப் படையெடுப்பினால்தான் எல்லாம் தொடங்கியது என்று கூறுகிறவர்கள் இந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது இஸ்லாமாபாத்தில் இருந்ததும் ராணுவ ஆட்சியன்று, ஜனங்கள் தேர்ந்தெடுத்த பூட்டோவின் ஆட்சி.

1979 டிசம்பர் இறுதியில் ரஷ்யத் துருப்புகள் காபூலில் இறங்கியதும், தன் நாட்டில் பூட்டோவைத் தூக்கிலிட்டு உலகத்தாரால் வெறுத்து ஒதுக்கப்பட்டிருந்த ஜெனரல் ஜியாவுல் ஹக்கின் அதிர்ஷ்டம் மாறியது. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் 40 கோடி டாலர் தர முன்வந்தபோது, அது வெறும் வேர்க்கடலை என்று தள்ளிவிட்டார் ஜியா. 1981-இல் ரீகனின் அரசாங்கம் ஆறு வருஷங்களுக்கு 320 கோடி டாலரும் எப்-16 போர் விமானங்களும் தர ஒப்புக்கொண்டது. ஆப்கானியப் போராளிகளுக்கான பணம் இதற்கு வேறு. அமெரிக்கா கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகச் சவூதி அரேபியா ஒரு டாலர் கொடுத்தது. அமெரிக்கக் கை தெரியக்கூடாது என்பதற்காகச் சீனாவிலும் எகிப்திலும் செய்த ரஷ்ய மாதிரித் துப்பாக்கிகள் வாங்கப்பட்டு, கராச்சித் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, ராவல்பிண்டியை அடுத்த ஓஜ்ரி முகாமில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து பெஷாவருக்கும் குவெட்டாவுக்கும் லாரிகளில் சென்றன. அதற்கப்பால் கழுதையும் குதிரையும்.

இந்த ஏற்பாட்டின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், வார்பர்ட்டனின் கைபர் மறுபடியும் கண்முன் தோன்றும். ஐ.எஸ்.ஐ. என்ற ராணுவ உளவு ஸ்தாபனம் பொலிடிகல் ஏஜெண்டின் நாற்காலியில் அமர்ந்தது. அமெரிக்கர் போராளிகளுக்கு நேரே எதையும் கொடுக்கக்கூடாது என்பது அதன் தலைவர் ஜெனரல் அக்தர் அப்துர் ரஹ்மான் வகுத்த கண்டிப்பான விதி. ஏழு கட்சிகள் பெஷாவரில் அங்கீகரிக்கப்பட்டன. ஏழு தலைவர்களும் ஏழு மாலிக்குகள். ஆயுதம் வேண்டுகிற எந்தப் போராளிக் குழுவும் அவர்களில் ஒருவருடைய கட்சியில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அகதி முகாம்களில்கூட அந்தக் கட்சிகளின் கை ஓங்கி நின்றது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் கூடாரத்தில் தொடங்கி மண்வீட்டில் முடிந்த வாழ்க்கையை அங்கே வாழ்ந்தார்கள். பழைய மாலிக் தன் குலத்தாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். ஜிர்காவில் எந்த ஏழையும் எழுந்து அவனைக் கேட்கலாம். இந்தப் புதிய மாலிக்குகளோ தமக்குப் பணம் கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரிலும் அதிகமாகப் பெற்றவர் ஹெக்மத்யார். ரஷ்யர் போனபின் காபூல் நகரத்தின்மீது ஏவுகணைகளைப் பொழிந்து இடித்தவரும் அவரே.

நம் தலைமுறையினர் எல்லைக் காந்தி என்று அன்போடு அழைத்த கான் அப்துல் கஃபார் கான் 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் காலமானார். ஒரு லட்சம் செஞ்சட்டைத் தொண்டர்களுக்கு அஹிம்சையைக் கற்பித்து, 1930-இல் கிஸ்ஸா கவானிக் கடைத்தெருவில் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி நிற்கச் செய்தவர். பாகிஸ்தான் உண்டான பிறகும் பல்லாண்டுகள் சிறையில் கழித்தவர். பணமும் ஆயுதமும் இல்லாமலே பட்டாணியரை ஒன்றுதிரட்ட முடியும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய ஒரே மனிதர். தம் உடலை ஜலாலாபாத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காக இரு தரப்பாரும் போரை நிறுத்தினார்கள். கைபரின் வாயில் திறந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் பஸ்களிலும் லாரிகளிலும் ஏறி, பிரேதத்தின் பின்னே டூராண்ட் கோட்டைக் கடந்தார்கள். எட்டு வருஷங்களாக ஆயுதம் மட்டுமே மேற்கே சென்றுகொண்டிருந்த அந்தச் சாலையில், ஆயுதமில்லாத ஒரு கிழவரின் சவ ஊர்வலம் சென்றது. ஜலாலாபாத்தில், அடக்கம் நடந்த இடத்துக்கு அருகில் நிறுத்தியிருந்த வண்டிகளின் நடுவே குண்டுகள் வெடித்தன. வழியனுப்ப வந்தவர்களில் பலர் அங்கேயே மாண்டார்கள்.

அதே வருஷம் ஏப்ரல் 10 காலையில் ஓஜ்ரி முகாம் தீப்பற்றி வெடித்தது. ஆப்கானிஸ்தானுக்கென்று சேர்த்துவைத்திருந்த ராக்கெட்டுகள் நாலா திசையிலும் பறந்து ராவல்பிண்டி, இஸ்லாமாபாத் நகரங்களின் வீதிகளிலும் வீட்டு முற்றங்களிலும் விழுந்து, ஏறக்குறைய 100 பேரைக் கொன்றன. இச்சம்பவத்தைப் பற்றி விசாரிக்க முனைந்த பிரதமர் ஜுனேஜோவின் அரசாங்கத்தை மே மாத இறுதியில் ஜியா கலைத்தார்; ஆகஸ்டு 17-இல் ஜியாவும் அக்தர் அப்துர் ரஹ்மானும் அமெரிக்கத் தூதரும் பஹாவல்பூர் அருகே விமான விபத்தில் மாண்டார்கள். 1989 பிப்ரவரி 15-இல் கடைசி ரஷ்யச் சிப்பாய் எல்லை கடந்து போனான். மறு வருஷமே, பாகிஸ்தான் அணுகுண்டு செய்கிறது என்ற காரணத்தைக் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கிய எப்-16 விமானங்கள் அரிஸோனாப் பாலைவனத்தில் நின்றன. பாகிஸ்தான் அணுகுண்டு செய்வதை அமெரிக்கர் பல வருஷங்களாக அறிந்தே இருந்தார்கள். காவல் தேவைப்பட்டவரையில் முவாஜிப் வந்தது. தேவை தீர்ந்ததும் நின்றது. 1897-இல் அப்ரீதிகளுக்கு உண்டான ஆத்திரம் எப்படிப்பட்டது என்பதை ராவல்பிண்டியின் அதிகாரிகள் அப்போது தம் அனுபவத்திலேயே அறிந்திருப்பார்கள்.

1994-இல் காந்தஹாரில் தாலிபான் தோன்றியபோது உள்துறை மந்திரியாக இருந்தவர் அதே நஸீருல்லா பாபர். 1996 செப்டம்பரில் காபூல் அவர்கள் கைக்கு வந்தது. மறு வருஷம் அந்த ஆட்சியை அங்கீகரித்த மூன்றே தேசங்களில் பாகிஸ்தான் ஒன்று. அப்படியிருந்தும் டூராண்ட் கோட்டை அங்கீகரிக்கும்படி இஸ்லாமாபாத் விரும்பியபோது தாலிபான் இணங்கவில்லை. இத்தனை பணமும் இத்தனை உயிர்களும் செலவிட்டு அமர்த்திய அரசாங்கம்கூட, முன்பிருந்த காபூல் அரசாங்கங்கள் மறுத்த அதே ஒரு கையொப்பத்தை மறுத்துவிட்டது.

இதையெல்லாம் வாசிக்கும் தமிழன் பாகிஸ்தானை மட்டும் குறைகூறிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட முடியாது. 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் முகாமும் பயிற்சியும் ஆயுதமும் அளிக்கப்பட்டதை நம் ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டார்கள். அங்கே தமிழர் பட்ட துன்பம் உண்மை, நம் மனம் பதறியதும் உண்மை. ஆயினும், நாலு வருஷங்களுக்குள் அந்தக் குழுக்களில் மிகப் பெரியதோடு இந்தியச் சேனையே போரிட நேர்ந்தது. 1,100-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் திரும்பவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எதையும் நான் எழுதவேண்டியதில்லை.

2001-க்குப் பிறகு பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் முஷாரப் மறுபடியும் அமெரிக்காவின் பக்கம் சேர்ந்தார், மறுபடியும் டாலர் வந்தது. தாலிபானின் தலைவர்கள் பலர் குவெட்டாவில் தங்கியிருந்தார்கள். அல் கொய்தாவின் தலைவர் பின் லாதின், பாகிஸ்தான் ராணுவக் கலாசாலை இருக்கும் அப்போட்டாபாத்திலேயே 2011 மே மாதம் கொல்லப்பட்டார். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும் இந்த முறை மலைகளுக்குள்ளும் ஒரு பகையை வளர்த்தது. மஹ்சூதுகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2007-இல் பாகிஸ்தான் தாலிபான் என்று பெயர் சூட்டிக்கொண்டு அந்த ராணுவத்தையே எதிர்த்துப் போர் தொடுத்தார்கள். 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, 132 பிள்ளைகள் உள்பட 140-க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் சிப்பாய்களின் மக்கள். பெற்றவர்கள் செய்யாத பிழைக்குப் பிள்ளைகள் சீருடையோடு விழுந்து கிடந்தார்கள்.

2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலுக்குத் திரும்பியபோது இஸ்லாமாபாத்தில் சிலர் மகிழ்ந்தார்கள். மேற்கு எல்லை நெடுகிலும் முள்வேலி போட்டு முடிக்கும் தறுவாயில் இருந்த ராணுவமோ, அந்த வேலியைப் புதிய ஆட்சியாளரின் ஆட்களே பிடுங்கி எறிவதை வெகு சீக்கிரத்தில் கண்டது. பாகிஸ்தான் தாலிபானுக்கு ஆப்கானிஸ்தானில் அடைக்கலம் கிடைத்துவிட்டது என்று இப்போது முறையிடுவது பாகிஸ்தானின் முறையாயிற்று. 2023 நவம்பரில், தஸ்தாவேஜு இல்லாதவர்கள் என்று அரசாங்கம் கணக்கிட்ட 17 லட்சம் ஆப்கானியரை வெளியேற்றும் வேலை தொடங்கியது. பெஷாவரின் மண்வீடுகளில் பிறந்து வளர்ந்து, காபூலைக் கண்ணாலும் கண்டிராதவர்கள், கட்டில், கோழிக்கூண்டு, கூரைமரம் ஆகியவற்றை லாரிகளில் ஏற்றிக்கொண்டு கைபரின் மேற்கு எல்லையிலுள்ள தோர்க்கம் வாயிலில் வரிசையாகக் காத்துக் கிடந்தார்கள்.

2025 அக்டோபரில் இரு நாட்டுச் சேனைகளும் டூராண்ட் கோட்டின் பல இடங்களில் ஒன்றையொன்று நேரே சுட்டுக்கொண்டன. கத்தாரும் துருக்கியும் நடுவிருந்து தோஹாவில் போர்நிறுத்தம் செய்துவைத்தன. எல்லை வாயில்கள் மூடப்பட்டன. 1961-ஐப் போலவே அறுவடைக் காலம். பழம் ஏற்றிய லாரிகள் தோர்க்கத்தின் மேற்கே நின்றன, சிமெண்டும் மருந்தும் ஏற்றியவை கிழக்கே நின்றன. டிரைவர்கள் வண்டிகளின் அடியில் படுத்துறங்கினார்கள், பழங்கள் அழுகத் தொடங்கின. வார்பர்ட்டனின் காலத்தில் செவ்வாயும் வெள்ளியுமாவது திறந்திருந்த அந்த வழி, வாரக்கணக்கில் எந்தக் கிழமையிலும் வியாபாரத்துக்குத் திறக்கவில்லை.